மாக்சியைக் காக்க வைத்தது அவமதிப்பல்ல, கணக்கு

"2023இல் கூடைப்பந்து வீரர் டைரீஸ் மாக்சிக்கு ஒப்பந்த நீட்டிப்பு தராதது அவருடைய NBA அணியான ஃபிலடெல்ஃபியாவின் நம்பிக்கையின்மை" என்று சிலர் சொல்வது தவறு. அப்போதே அதிகபட்சத் தொகைக்குக் கையெழுத்திட்டிருந்தால், 2024 ஜூலையில் அணியின் சம்பள வரம்புக் கணக்கில் (வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் எல்லை) சுமார் 3.5 கோடி டாலர் ஏறியிருக்கும். தள்ளிப்போட்டதால் ஏறியது 'கேப் ஹோல்டு' மட்டும், அதாவது ஒப்பந்தம் முடிந்த சொந்த வீரருக்காக வரம்புக் கணக்கில் பிடித்துவைக்கப்படும் தற்காலிகத் தொகை: பழைய சம்பளம் 43 லட்சத்தின் மூன்று மடங்கு, ஏறக்குறைய 1.3 கோடி. மிச்சம் 2.2 கோடி!

வரம்போ 14.06 கோடி. அந்த மிச்சம் இல்லாமல் வேறு அணி வீரரான பால் ஜார்ஜின் முதலாண்டுச் சம்பளம் 4.92 கோடிக்கு இடம் பண்ணுவது மிகக் கடினம். வெளியாளை முதலில் சேர்த்துவிட்டு, சொந்த வீரருக்கு வரம்பை மீறியும் சம்பளம் தரவிடும் 'பேர்ட் உரிமை'யால் மாக்சிக்கு 5 ஆண்டுக்கு 20.4 கோடி கொடுத்தார்கள். வரிசை மாறியிருந்தால் கதை கந்தல்.

ஹோல்டையும் நீக்கியிருக்கலாமே என்பவர்களுக்கு: நீக்கினால் பேர்ட் உரிமையும் கூடவே போய்விடும்.