2007-க்கு அப்புறம் என்ன கிழித்தார்கள் என்று கேட்பவருக்கு

சனிக்கிழமை பிறந்தநாள் விருந்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸாப்பில் வந்திருக்கும், கை கால் முளைத்து. அதனால் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. "ஹாப்கின்ஸ் லாக்ரோஸ் டீமா? 2007-க்கு அப்புறம் என்ன கிழிச்சாங்க? ஆஸ்பத்திரிக்குப் பேர்போன இடத்துக்கு எதுக்கு இந்த வலைக்குச்சி?" என்ற நண்பருக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். கேக் வெட்டக் குழந்தை காத்திருந்தது, விட்டுவிட்டேன்.

இங்கே விடப்போவதில்லை.

ஐயா, இந்த பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கியது 1876. நுனியில் வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் லாக்ரோஸுக்கு அணி வந்தது 1883. நீங்கள் பெருமைப்படும் ஆஸ்பத்திரி திறந்தது 1889-இல், மருத்துவக் கல்லூரி 1893-இல். ஆஸ்பத்திரிக்கு மூத்தது அந்த வலைக்குச்சி. யார் யாரிடம் 'எதுக்கு இங்க இருக்க' என்று கேட்க வேண்டும்?

44 தேசியப் பட்டங்கள். 1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்களில் காட்சிப் போட்டியாக லாக்ரோஸ் நடந்தபோது அமெரிக்காவுக்காகப் போனது ஹாப்கின்ஸ் அணிதான். 1972-லிருந்து 2012 வரை ஒரு வருஷம்கூட விடாமல், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.-வின் தேசியத் தொடரில் ஆடினார்கள். இதெல்லாம் 'ஒன்றும் கிழிக்காத' கணக்கில் வருகிறது போல.

"44-இல் என்.சி.ஏ.ஏ. பட்டம் வெறும் 9" என்று ஒருவர் வருவார், தெரியும். அந்தத் தொடரே 1971-இல்தான் ஆரம்பித்தது. இல்லாத தொடரில் எப்படி ஜெயிப்பது?

"கடைசிப் பட்டம் 2007-தானே?" ஆமாம். இதே பால்டிமோரில், ட்யூக் பல்கலைக்கழகத்தை 12-11 என்று வென்றார்கள். அப்புறம் வறட்சிதான், மறைக்கவில்லை. 2013-இல் தொடரில் இடமே கிடைக்காதபோது எங்கள் வீட்டில் இழவு வீட்டுக் களை. காலங்காலமாகத் தனித்து ஆடியவர்கள் 2015-இல் பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பில் சேர்ந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் முதல் வருஷமே அந்தக் கோப்பையைத் தூக்கினார்கள், 2018-இல் மறுபடியும். நீச்சல், கூடைப்பந்து என்று மற்றதெல்லாம் மூன்றாம் பிரிவில் ஆடும் ஒரு கல்லூரி, லாக்ரோஸில் மட்டும் முதல் பிரிவில் நின்று மேரிலாந்து, ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் என்ற மலைகளோடு மோதுகிறது. தாத்தா கட்டிய வீட்டில் இப்போது யாரும் கலெக்டர் ஆகவில்லை என்று வீட்டை இடிப்பீர்களா?

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு பிப்ரவரிக் குளிரில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஹாப்கின்ஸின் ஹோம்வுட் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். நடுவில் இரண்டு பேர் குனிந்து பந்துக்கு முட்டிக்கொண்டதைப் பார்த்து, என்ன சண்டை என்றுதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆட்டம் முழுக்க, யார் கையில் நீளக் குச்சி, ஏன், கோலுக்குப் பின்னால் போய் ஏன் ஆடுகிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். ஊர் என்றால் எனக்கு அதுதான். மேரிலாந்து மாநிலமே 2004-இல் லாக்ரோஸை அதிகாரபூர்வ அணி விளையாட்டாக அறிவித்தது. (1962-லிருந்து மேரிலாந்தின் மாநில விளையாட்டு குதிரைமேல் ஈட்டிப் போட்டி. அதையும் கிண்டல் செய்யுங்கள், அது கொஞ்சம் நியாயம்.)

அடுத்தது, "பணக்கார வெள்ளைக்காரப் பிள்ளைகள் விளையாட்டு." ஹெல்மெட், கையுறை, குச்சி எல்லாம் விலைதான். பிள்ளையின் டென்னிஸ் கோச்சிங்குக்கு நீங்கள் கொட்டுவதை நான் கேட்டேனா? அதோடு, இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததே இல்லை. ஹாப்கின்ஸும் இல்லை. வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோடனோசோனி மக்களின் ஆட்டம் இது, படைத்தவனுக்காக ஆடுவது, நோயுற்றவருக்கு மருந்தாக ஆடுவது. 2010-இல் மான்செஸ்டர் உலகப் போட்டிக்கு அவர்கள் சொந்த பாஸ்போர்ட்டோடு கிளம்பியபோது பிரிட்டன் உள்ளே விடவில்லை. 2028-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸுக்கு லாக்ரோஸ் திரும்பி வருகிறது. தனி ஒலிம்பிக் கமிட்டி இருந்தால்தான் நாடு என்ற விதி, ஆட்டத்தைத் தந்தவர்களின் வழியிலேயே குறுக்கே நிற்கிறது. பணக்கார விளையாட்டு என்று வருந்தும் நண்பர் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாரா? மாட்டார். அதில் சிரிக்க ஒன்றும் இல்லையே.

விளையாட்டு எங்கிருந்து எங்கே போகிறது என்பீர்கள். சரி, உண்மையைச் சொல்கிறேன். என்னிடம் கேட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் கேட்டது என் மகனிடம். பன்னிரண்டு வயசு. பள்ளி அணியில் கோலி. பெரியவர்களே ஒதுங்கும் வேகத்தில் வரும் ரப்பர் பந்துக்கு நெஞ்சைக் கொடுத்து நிற்பவன், அன்று ஹாப்கின்ஸ் நீல ஜெர்சியில் கையில் தட்டோடு நின்றான். "குச்சியைத் தூக்கிப் போட்டுட்டு மேத்ஸ் ஒலிம்பியாட் பாருடா தம்பி" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தீர்கள்.

அப்படிச் சிரித்தவர்கள் தயவுசெய்து இதற்கு லைக் போடாதீர்கள். பெயர் பார்ப்பேன்.