மெல்லிய காற்றில் நூலை நீட்டாதீர்கள்

“காற்று குறைந்தால் நூலை நீளமாக விடுங்கள், மேலே போனால் காற்று கிடைக்கும்” என்று பட்டம் விடும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஒற்றை நூல் பட்டத்துக்கு அது சரி. இரு கைகளிலும் ஒவ்வொரு நூலைப் பிடித்துத் திருப்பும் இரட்டை நூல் பட்டத்துக்கு நேர்மாறு. நீளம் கூடக்கூட நூலின் எடையும் காற்றுத் தடையும் ஏறும், நடுவில் தொய்யும். நீங்கள் கையை இழுத்து ஒரு கணம் கழித்தே பட்டம் திரும்பும். எடை குறைந்த கார்பன் குச்சிப் பட்டத்துக்கு 15 முதல் 25 மீட்டர் வரை மெல்லிய நூல் போதும்.

அதைவிட முக்கியம் கால்கள். காற்று மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால், 4 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நடங்கள். பட்டத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 9. விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் அது மூன்று மடங்குக்கும் மேல்! பட்டம் உச்சிக்கு வந்து மிதக்கும்போது முன்னே நடந்து, இழந்த இடத்தை மீட்டுக்கொள்ளலாம். கூரைக்குள், காற்றே இல்லாமல் பறக்கவிடுகிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.

சூத்திரத்தில், அதாவது பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டுக்கயிற்றில், முடிச்சை மூக்குப் பக்கம் சிறிது நகர்த்துங்கள். சில மில்லிமீட்டர் போதும்.

டர்பனில் வடகிழக்குக் காற்று எழும்முன், காலையில் உம்கேனி ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்து பாருங்கள். ஈர மணலில் நடங்கள். உலர்ந்த மணலில் பின்னால் நடந்து நான் விழுந்த கதை என் பேரனுக்கு மனப்பாடம்.