சாமி ஏறாத தேர்

நேற்று ஒரு நண்பரின் பைப்லைன் கோப்பைப் பார்த்தேன். நிரல் மாறும்போது எந்தெந்த வேலை எந்த வரிசையில் தானாக ஓட வேண்டும் என்று எழுதி வைக்கும் கோப்பு அது. டிப்ளோய் வேலைக்கு, அதாவது புதிய நிரலைத் தளத்தில் ஏற்றும் வேலைக்கு, நிபந்தனையாக 'ஆல்வேஸ்' (எப்போதும் ஓடு) என்று போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டால், "அதைப் போடாவிட்டால் ஓடாது" என்கிறார். இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நானும் இதையே சொல்லித் திரிந்தவன்தான், ஒரு நல்லூர்ச் சப்பறத்து மாலை, அதாவது நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேருக்கு முதல்நாள் மாலை, வரும்வரை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஆறு பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகம் எங்களுடையது. நிரலைச் சேமித்து வைத்து இந்த வேலைகளையும் ஓட்டித் தரும் கிட்ஹப்பில் இலவசக் கணக்கு. பிறர் பார்க்க முடியாத தனிப்பட்ட நிரல் களஞ்சியங்களுக்கு, வேலைகளை ஓட்ட மாதம் 2000 நிமிடங்கள்தான் தருவார்கள். எங்கள் சோதனைகள் ஒரு முறை ஓடி முடிய 18 நிமிடங்கள் வேண்டும். 111 முறை ஓடினால் மாதம் முடிந்தது. உதவிப் பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தியதற்கும் அத்தனையும் ஓடுவது ஊதாரித்தனமாகப் பட்டது. நிரல் மாறினால் மட்டும் சோதனை ஓடட்டும் என்று நிபந்தனை எழுதினேன். அதில் இன்றும் எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்த நாள் உதவிப் பக்கத்தைத் திருத்தினோம். பில்ட், அதாவது நிரலை ஓடக்கூடிய வடிவில் கட்டும் வேலை, பச்சை. சோதனை சாம்பல், அதாவது தவிர்க்கப்பட்டது. டிப்ளோயும் சாம்பல்! முன்னால் உள்ள வேலை தோல்வியடைந்தாலும் தவிர்க்கப்பட்டாலும், அதை நம்பியிருக்கும் வேலை அங்கே ஓடாது. அவசரத்தில் டிப்ளோய்க்கு ஆல்வேஸ் போட்டேன். ஓடியது. தேநீர் குடிக்கப் போய்விட்டோம்.

சப்பறத்தன்று மாலை நான் கோயில் வெளிவீதியில் நின்றேன். அலுவலகத்தில் இருந்த தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அண்ணை, டிப்ளோய் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் தளம் விழுந்து கிடக்கிறது." கோயிலைச் சுற்றி வீதிகள் அடைத்திருந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு, சனத்துக்குள் எதிர்த்திசையில் நடந்தேன்.

நடந்தது இதுதான். ஏதோ ஒரு நிரல் பொதி இணையத்திலிருந்து இறங்காததால் பில்ட் தோல்வியடைந்திருந்தது. டிப்ளோய் அதைச் சட்டை செய்யவில்லை; எப்போதும் ஓடு என்றுதானே நான் சொல்லி வைத்திருந்தேன்? புதிய நிரலில் இருந்த தரவுத்தள மாற்றத்தை முதலில் செய்தது. வாடிக்கையாளர் அட்டவணையில் ஒரு புலத்தின் பெயர் மாறியது. பிறகு 'லேட்டஸ்ட்' (மிகப் புதியது) என்று பெயர் ஒட்டிய படிமத்தை, அதாவது பில்ட் கட்டித் தரும் நிரல் மூட்டையை, இறக்கி ஏற்றியது. புதிய படிமம் பிறக்கவே இல்லை. அந்தப் பெயரில் கிடந்தது போன வாரத்துப் படிமம். தரவுத்தளம் புதிது, நிரல் பழையது. உள்ளே நுழைந்த எல்லோருக்கும் 500 என்ற சேவையகப் பிழை. வசந்த மண்டபப் பூசை முடிந்து சுவாமி தேரில் ஏறிய பிறகுதான் வடம் பிடிப்பார்கள் என்பது நல்லூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் வெறும் தேரை இழுத்திருந்தேன்.

குற்றம் என்னுடையதுதான். ஆனாலும் கிட்ஹப் மீது எனக்கு ஒரு கோபம் உண்டு. நிபந்தனையால் தவிர்க்கப்பட்ட வேலையை, தனியாக எழுதிய நிரல் கிளையை முதன்மை நிரலோடு இணைக்கும் வாசலில் அது சித்தி என்றே எடுத்துக்கொள்கிறது. கட்டாயச் சோதனையாக இருந்தாலும் தடுக்காது. அதே வேலையை நம்பியிருக்கும் அடுத்த வேலையோ, அது சித்தியடையவில்லை என்று நின்றுவிடுகிறது. சோதனைக்கே தோற்றாத பிள்ளைக்கு ஒரு வாசலில் மாலை, மறு வாசலில் உள்ளே வராதே. கிட்ஹப்பைப் போன்ற இன்னொரு தளமான கிட்லாப் இதில் எவ்வளவோ மேல். தேவைப்படும் வேலை நிபந்தனையால் விடுபட்டுப்போனால், அது விருப்பத்துக்குரியது என்று நீங்கள் எழுதி வைக்காதவரை, பைப்லைனையே உருவாக்காமல் முகத்துக்கு நேரே ஏசிவிடும். ஏச்சு வாங்குவது எனக்குச் சம்மதம்.

இதே வேலைகளை ஓட்டும் பழைய மென்பொருளான ஜென்கின்ஸில் இந்தக் கேள்வியைத் திரையிலேயே கேட்பார்கள்: முந்தியது நலமாக முடிந்தால் மட்டுமா, சோதனை தோல்வியடைந்தாலுமா, பில்ட்டே விழுந்தாலுமா? மூன்றில் ஒன்று தெரிவாகியே இருக்கும். (அங்கே முன்பு வெற்றிக்கு நிறம் நீலமாக இருந்தது. எழுதியவர் ஜப்பானியர், அவர்கள் ஊரில் பச்சை விளக்கையும் நீலம் என்றுதான் சொல்வார்கள்.)

அன்றிரவு திருத்தியபோது இன்னொரு பள்ளத்திலும் விழுந்தேன். பில்ட் சித்தியடைந்திருக்க வேண்டும், சோதனை சித்தியடைந்தோ தவிர்க்கப்பட்டோ இருக்கலாம் என்று தெளிவாகத்தான் எழுதினேன். டிப்ளோய் அசையவில்லை. நிலையைக் கேட்கும் சொல் எதுவும் நிபந்தனையில் இல்லாவிட்டால், எல்லாம் சித்தியடைந்திருக்க வேண்டும் என்பதையும் கிட்ஹப் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போனது. முன்னால் 'நிறுத்தப்படாவிட்டால்' என்ற நிலைச் சொல்லைச் சேர்த்ததும் ஓடியது. படிமத்துக்கும் லேட்டஸ்ட் என்ற பெயரை எடுத்துவிட்டு அந்தந்த நிரல் மாற்றத்துக்குரிய கமிட் எண்ணையே பெயராக வைத்தோம். படிமம் இல்லையென்றால் தரவுத்தளத்தைத் தொடுவதற்கு முன்பே டிப்ளோய் நின்றுவிடும்.

மறுநாள் தேர் பார்த்துவிட்டு வந்த தம்பி கோப்பு முழுவதையும் தேடியிருக்கிறான். "அண்ணை, இன்னும் ஓர் இடத்தில் ஆல்வேஸ் இருக்கிறது, எடுக்கட்டுமா?" பார்த்தேன். முடிவு எதுவானாலும் எங்கள் குழுவுக்குச் செய்தி அனுப்பும் வேலை அது. அதை விட்டுவிடச் சொன்னேன்.