ஊசலாடும் நடு வளையம்

தீப்புண் ஆறும்போது ரத்தத்தில் நடக்கும் மாற்றங்களை ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் நிறமாலைக் கருவியால் பார்க்கலாம் என்ற கட்டுரை அருமை. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. 1953-இல் ஜாக்சன் என்ற மருத்துவர் தீக்காயத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். நடுவில் செத்துப்போன திசு, வெளி ஓரத்தில் ரத்தம் அதிகம் பாய்ந்து சிவந்த இடம், இரண்டுக்கும் இடையே ரத்த ஓட்டம் மந்தமான வளையம். பிழைக்குமா சாகுமா என்று ஊசலாடுவது இந்த வளையம்தான். முதல் ஓரிரு நாளில் அது எந்தப் பக்கம் சாயும் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கஷ்டம்.

ஒளி உதவுவது அங்கேதான், அந்த வளையத்து ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கும், ஆக்சிஜன் ஏறியது குறைவாக விழுங்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், 940 நானோமீட்டர் பக்கம் போனால் தலைகீழ். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் சூட்சுமமும் இதுதான். ஆனால் அது துடிக்கும் தமனி ரத்தத்தை மட்டுமே கணக்கெடுக்கும். புண்ணுக்கோ நுண்குழாய்களில் இருக்கும் ரத்தமும் சேர்ந்து தெரிய வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். நம்மைப் போன்ற கருத்த தோலில், நிறம் தரும் மெலனினும் ஒளியை விழுங்குமே? 2020-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், கறுப்பின நோயாளிகளுக்கு ஆக்சிஜன் குறைந்திருந்ததை ஆக்சிமீட்டர் அடிக்கடி தவறவிட்டது தெரிந்தது. சரி, ஆழமான புண்ணில் மேல்தோலே இருக்காது, அங்கே இந்தத் தொல்லை குறைவு. புதுத்தோல் வளர்ந்து நிறம் திரும்பும்போது இந்தத் தொல்லைக்கு என்ன செய்கிறார்கள்?