பெயரை எடுப்பதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள்

எங்கள் கட்டற்ற மென்பொருள் தமிழாக்கக் குழுவில் இந்த வாரம் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. ரொம்ப நாளாக எதுவும் செய்யாதவர்களை எல்லாம் பட்டியலிலிருந்து தூக்கிவிடலாம் என்கிறார்கள். இதைச் சொன்னவர் மேல் எனக்குக் கோபமில்லை, இன்றைக்கு அதிகமாக உழைப்பவரே அவர்தான், வேலை முடிந்து வந்து நள்ளிரவு வரை உட்கார்ந்து குவிந்து கிடக்கும் மொழிபெயர்ப்பு வரிகளைச் சரிபார்ப்பவருக்கு அலுப்பு வரத்தான் செய்யும். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் எல்லார் முன்னாலும் பெயர்களை வரிசையாகப் போட்டு ‘இவர்கள் இருக்கிறார்களா, இல்லையா?’ என்று கேட்டது தப்பு. அதை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

அந்த வரிசையில் இருப்பவர்கள் யார்? ஒருவர் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறார். இன்னொருவர் வாரத்துக்கு மூன்று முறை அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறார். சிலர் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சேர்ந்தவர்கள், இப்போது வேலை, கல்யாணம், பிள்ளை என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் இருந்தவர்கள் யாரும் இதில் இல்லை. கொடுத்தவர்கள், இப்போதைக்குக் கொடுக்க முடியாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதற்காக எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. பயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் மொழிபெயர்ப்புத் தளமான பொன்டூனில் புதிதாக வருபவர் மொழிபெயர்க்கும் வரி, பரிந்துரையாகத்தான் நிற்கும். அனுமதி உள்ள ஒருவர் பார்த்து ஏற்றால்தான் அது பயர்பாக்ஸுக்குள் போகும். அந்த அனுமதியை வைத்திருப்பவர்கள் எல்லாரும் காணாமல் போய்விட்டால்? செந்தூலில் இருந்து ஒரு கல்லூரி மாணவி ஆசையாக உட்கார்ந்து செய்து அனுப்பியது மாதக்கணக்கில் கிடக்கும், அப்புறம் அவரும் போய்விடுவார். யாரும் தொடாத கணக்கில் பழைய கடவுச்சொல்லோடு எழுதும் உரிமை தொங்கிக்கொண்டிருப்பது பாதுகாப்புக்கும் ஆபத்து.

ஆகவே உரிமை வேறு, மரியாதை வேறு. உரிமையைத் திரும்ப வாங்குவதில் தயக்கமே வேண்டாம். பெயரையும் திரும்பி வரும் வழியையும் மட்டும் தொடக்கூடாது.

பைத்தான் நிரல்மொழியின் நிர்வாக விதியான பெப் 13 இதைத்தான் செய்கிறது. இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொள்ளும்படி பங்களிக்காத மையக்குழு உறுப்பினரிடம், செயலற்றோர் பிரிவுக்கு மாறிக்கொள்ளும்படி கேட்கலாம், பதில் இல்லையென்றால் குழுவே மாற்றிவிடலாம். ஓட்டு போகும், நிரலில் நேரடியாக மாற்றம் செய்யும் கமிட் உரிமை போகும், பெயர் மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து அப்படியே இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் யார் எதைப் பராமரிக்கிறார்கள் என்று சொல்ல ஒரு கோப்பு உண்டு, அதோடு ‘கிரெடிட்ஸ்’ என்று இன்னொரு கோப்பும் உண்டு. பராமரிப்பை விட்டவர்களின் பெயர் அங்கே போய்ச் சேருகிறது.

கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேரவில்லை என்பதுதான் நீக்குவதற்கு இன்னொரு காரணமாம். சங்கம், ஆலய நிர்வாகம் என்று பழகிய நமக்கு, பாதிப் பேர் வராமல் ஆண்டுக் கூட்டம் தள்ளிப்போவது புதிதல்ல. தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் எப்படி என்று பாருங்கள். மொத்த உருவாக்குநர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதியை எடுத்து, அதை மூன்றால் பெருக்குவார்கள். ஆயிரம் பேர் இருந்தால் 48 பேர் ஓட்டுப் போட்டாலே போதும். வராதவர்களால் முடிவு நிற்காதபடி விதியை எழுதிவிட்டால் யாரையும் துரத்த வேண்டிய அவசியம் வராது. காணாமல் போனவர்களை விசாரிக்கவே டெபியனில் தனிக் குழு இருக்கிறது, முதலில் கேட்பார்கள், அப்புறம்தான் அவர்கள் பார்த்துவந்த மென்பொருள் பொதிகளை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவார்கள்.

எக்ஸ்இசட் விஷயத்தை நம் குழுவில் எத்தனை பேர் முழுசாகப் படித்தீர்கள் என்று தெரியவில்லை. உலகம் முழுக்க சர்வர்களில் இருக்கும் கோப்புகளைச் சுருக்கும் ஒரு மென்பொருள் நூலகம் அது, பல வருடமாகத் தனி ஆளாகத் தன் சொந்த நேரத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டது. 2022இல் யார் யாரோ வந்து, ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று நெருக்கினார்கள். தன் மனநலம் நீண்ட நாளாகச் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் எழுதிய பிறகும் விடவில்லை. உதவுவதாக வந்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர் கைக்குப் பொறுப்பு போனது, யாருக்கும் தெரியாமல் சர்வருக்குள் நுழைய அந்த ஆள் வைத்த பின்கதவு 2024 மார்ச்சில் அகப்பட்டது. அதுவும் உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டிப் பார்த்ததால்தான். சோர்ந்து போன தன்னார்வலரைக் கூட்டத்தில் வைத்துக் கேள்வி கேட்டால் அவர் யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடத்தான் பார்ப்பார்.

என் யோசனை இது. முதலில் தனியாகக் கேட்போம். மின்னஞ்சல் மட்டும் போதாது, பாதிப் பேர் படித்த இடத்தின் முகவரியில் பதிந்தவர்கள், அது எப்போதோ செத்திருக்கும். போன் போடுங்கள். ‘எப்படி இருக்கீங்க’ என்று ஆரம்பியுங்கள், வேலையைப் பற்றி அப்புறம் கேட்கலாம். தைப்பூசம், தீபாவளி நேரத்தில் கேட்டுவிட்டுப் பதில் இல்லை என்று கணக்கு வைக்காதீர்கள். இரண்டு மாதம் பொறுத்தும் தகவல் இல்லையென்றால் சரிபார்க்கும் உரிமையை எடுத்துவிடுவோம், எடுத்ததையும் அவரிடம் தனியாகச் சொல்வோம். திரும்பி வந்தால் நேர்காணல், தேர்வு எதுவும் வேண்டாம். கொஞ்ச வரிகளை இன்னொருவர் பார்வையில் செய்து கையைப் பழக்கிக்கொண்டு உரிமையை வாங்கிக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைத்தான் முன்வைக்கப் போகிறேன். பழைய உறுப்பினர்களின் இப்போதைய எண் வைத்திருப்பவர்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம்.