அது தானாக வந்த வீடியோ இல்லை

சனிக்கிழமை எங்கள் குடியிருப்பு ஆண்டு விழாவுக்கு வந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். அதனால் முழுக்கதையும் சொல்லவில்லை. என் 40 விநாடி வீடியோ ஓடி முடிந்ததும் மைக்கைப் பிடித்தவர் சொன்னது மட்டும் மூன்று நாளாக மனசை விட்டுப் போகவில்லை. "இப்பல்லாம் ஏஐ-கிட்ட ரெண்டு வரி சொன்னா போதும், வந்துடுது பாருங்க." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அது ஏஐ செய்தது இல்லை. பிளெண்டர் என்கிற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் நானே செய்தது.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்தது எங்கள் ஆச்சி வீடு. இடித்து ஒன்பது வருஷம் ஆகிறது. மிஞ்சியது இரண்டே போட்டோ. அதையும் அம்மா சொன்னதையும் வைத்து திண்ணை, தூண், ஓடு என்று ஒவ்வொன்றாகக் கட்டினேன். ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் முற்றத்துப் பித்தளை அண்டாவில் சொட்டுமே, அந்தச் சொட்டுக்கு மட்டும் மூன்று வாரம். முதலில் தண்ணீர் தேன் மாதிரி இறங்கியது. பல ராத்திரி தேடிய பிறகுதான் தெரிந்தது, நான் அளவைப் பெரிதாகக் கொடுத்திருக்கிறேன். அண்டாவைக் குளம் என்று எடுத்துக்கொண்டு கணினி கணக்குப் போட்டிருக்கிறது. அளவைக் குறைத்ததும் சொட்டு 'டக்'கென்று விழுந்து வளையம் விரிந்தது. அப்போது மணி இரண்டு. சொல்ல வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை.

விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படம், ஆக மொத்தம் 960. என் பழைய லேப்டாப்பில் ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆக, அதாவது கணக்குப் போட்டு முழுப் படமாக வர, ஆறு நிமிஷம். நான்கு நாள் இரவும் பகலும் ஓடியது. நடுவில் நின்றுபோனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகச் சேமித்தேன். இரண்டு வரி சொல்லி வந்ததில்லை இது.

"எப்படியும் கம்ப்யூட்டர்தானே செய்யுது" என்பீர்கள். வெளிச்சம் எப்படிச் சிதறும் என்ற கணக்கை அது போடும், சரி. மாடத்தில் விளக்கு எரிய வேண்டுமா, கேமரா அண்டா மேல் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் என் முடிவு. ஆர்மோனியத்தில் சத்தம் துருத்தியால் வருகிறது, பாராட்டு வாசித்தவருக்குத்தானே?

ஏஐ-யில் செய்வதும் கலைதானே என்று ஒரு தம்பி கேட்டார். இருக்கலாம். என் வேலைக்கு அந்தப் பெயர் வேண்டாம், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் கேள்வி: "இதுல என்ன வருமானம்?" 2002-இல் முடங்கிக் கிடந்த இந்த பிளெண்டரை, உலகம் முழுக்க இருந்தவர்கள் ஏழு வாரத்தில் 1 லட்சம் யூரோ திரட்டி எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள். 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' இதில் செய்ததுதான். ஆனால் எனக்கு ஆஸ்கரைக் காட்டி நியாயம் பேச வேண்டியதில்லை. ஆச்சி தினமும் விடியுமுன் வாசலில் கோலம் போடுவாள். மத்தியானத்துக்குள் சைக்கிளும் ஆடும் மிதித்து அழிந்துவிடும். எவ்வளவு கிடைத்தது என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. நாற்பது வயதுக்காரி ராத்திரி உட்கார்ந்து பித்தளையின் நிறத்தைச் சரிபண்ணினால் மட்டும் ஏன் இத்தனை கேள்வி?

நேற்று அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏட்டி, அண்டா பக்கத்துல ஒரு செம்பு கிடக்குமே, அது எங்க?" என்றாள்.

செம்பு செய்துகொண்டிருக்கிறேன். கழுத்து வளைவு இன்னும் சரியாக வரவில்லை.