ஒரு டிகிரி திருப்பம்

கரி அணுக்கள் வலைபோலக் கோத்து நிற்கும் மெல்லிய ஏடுதான் கிராஃபீன். அது என்றாலே ‘அதிசயப் பொருள்’, ‘எஃகைவிட வலிமை’ என்றுதான் எழுதுகிறார்கள். அடுத்த கேள்வி, போன் பேட்டரியில் எப்போது வரும்? எனக்கு இந்தப் பேச்சு அலுத்துவிட்டது. கிராஃபீனில் எனக்குப் பெரிதாகப் படுவது, அதன் குணத்தையே நாம் வேண்டியபடி மாற்றிக்கொள்ள முடிகிறதே, அதுதான்.

இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே இருப்பதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். வலையின் கண்களைவிடப் பல மடங்கு பெரிய கோலம் ஒன்று தோன்றும். இன்னும் திருப்பினால் கோலம் சிறுக்கும். ஓரணு தடிமனுள்ள இரண்டு கிராஃபீன் ஏடுகளை 1.1 டிகிரி திருப்பி அடுக்கினாலும் இதேதான். கோலத்தின் ஒரு கண் ஏறக்குறைய 13 நானோமீட்டர். அந்தக் கோணத்தில் எலக்ட்ரான்களின் வேகம் அடங்கிப்போகிறது. வேகமாக ஓடும்போது ஒன்றையொன்று அதிகம் கண்டுகொள்ளாதவை, அடங்கியதும் ஒன்றையொன்று ஆட்டிவைக்கத் தொடங்குகின்றன.

2011இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரஃபி பிஸ்ட்ரிட்சரும் ஆலன் மெக்டொனால்டும் இந்தக் கோணத்தைக் கணக்குப் போட்டே சொல்லிவிட்டார்கள். 2018இல் எம்ஐடியில் பாப்லோ ஹரியோ-ஹெரேரோவின் குழு செய்து பார்த்தபோது, 1.7 கெல்வினில், அதாவது ஏறக்குறைய மைனஸ் 271 டிகிரி செல்சியஸ் குளிரில், அது மீகடத்தியாகிவிட்டது; மின்சாரம் தடையே இல்லாமல் அதில் ஓடியது. வெறும் கரி! வேறு எதையும் அதில் கலக்கவில்லை.

அதைவிட என்னை அசத்துவது இன்னொன்று. செம்பு ஆக்சைடு மீகடத்திகளில் எலக்ட்ரான் எண்ணிக்கையை மாற்ற வேண்டுமென்றால், பொதுவாகக் கலவையை மாற்றிப் புதிதாகப் படிகம் வளர்க்க வேண்டும். இங்கே அடியில் உள்ள மின்முனையின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் போதும். ஒரே துண்டு, மின்சாரத்தை விடாத பொருளாகவும் மீகடத்தியாகவும் மாறி மாறி நிற்கிறது.

சரி, அந்தக் கோணத்தை எப்படிப் பிடிப்பது? இரண்டு தனி ஏடுகளை எடுத்தால் எது எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாது. அதனால் ஒரே ஏட்டைப் பாதியாகக் கிழிக்கிறார்கள். போரான் நைட்ரைடு படலத்தில் ஒரு பாதியை ஒட்டித் தூக்கி, அடிமேடையைத் திருப்பி, மறுபாதியையும் அதோடு சேர்த்து எடுக்கிறார்கள். சூடேறினால் ஏடு நழுவிக் கோணம் போய்விடும். நன்றாக வந்த துண்டிலும் இடத்துக்கு இடம் 0.1 டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். அந்தச் சின்ன வித்தியாசமே மீகடத்தலைக் கெடுத்துவிடலாம்.

இந்தக் கைவேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள். 2018 கட்டுரையில் முதல் பெயர் யுவான் சாவ். அப்போது அவருக்கு 21 வயது. அடுத்த முறை கிராஃபீன் செய்தி போடுகிறவர்கள் பேட்டரியை விட்டுவிட்டு, ஏட்டைக் கிழித்துத் திருப்பும் கைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். முதல் ஆளாக நான் வாசிக்கிறேன்.